எரியாத விளக்குக்கும் ஒரு வேலை

ஜப்பானில் ஓடி முடித்து இலங்கைக்கு வந்து சேர்ந்த ஒரு வானின் முகப்பில், இனி எரிய வேண்டிய அவசியமே இல்லாத ஒரு சிறு விளக்கைப் பற்றி முழுக் கட்டுரை வேண்டுமா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். அரசியல் எழுதிப் பழகிய கைக்கு வாகனத் திருத்துமிடத்தில் என்ன வேலை என்றும் கேட்கக்கூடும். பசறையிலிருந்து மடுல்சீமைக்கோ லுணுகலைக்கோ ஒரு முறையேனும் மழைக்காலத்தில் பயணம் செய்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பசறை, ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில், நமுனுகுல மலைத்தொடரின் பக்கமாக அமைந்த சிறு நகரம். பதுளையிலிருந்து பிபிலை வழியாகக் கிழக்குக் கரையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும், மொனராகலைக்குச் செல்லும் வீதியும் இங்கேதான் பிரிகின்றன. சுற்றிலும் கோணக்கலை, கனவரல்லை, ஹொப்டன் என்று தோட்டங்கள். நெடுஞ்சாலை என்று சொன்னேனே தவிர, ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமாக வளைந்து வளைந்து செல்லும் பாதைதான் அது. தோட்டங்களுக்குள் நுழைந்துவிட்டால் அதுவும் இல்லை. கொழுந்து லொறி போய்ப் போய்க் குழிவிழுந்த தடங்கள் மட்டுமே உண்டு. இங்கே ஒரு வான் என்பது காலையில் பாடசாலை வாகனம், பகலில் மரக்கறி லொறி, இரவில் பிரசவ வலியெடுத்த பெண்ணைப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லும் அம்புலன்ஸ். ஆகவே அந்த வானின் முகப்பில் எது எரிகிறது, எது எரியவில்லை என்பது சொந்தக்காரரின் தனிப்பட்ட விவகாரம் அன்று.

கடந்த சில ஆண்டுகளில் மலையகத்து வாகனங்களில் ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள், நாட்டில் இருந்த வாகனங்களே உருண்டாக வேண்டியிருந்தது. பழைய வாகனங்களின் விலை, வாங்கிய விலையைப் போல் இரண்டு மடங்கும் மூன்று மடங்குமாக ஏறியது. இடையில் 2022 ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவுக்குப் போனது. அந்த விலைக்கும் வரிசையில் நாட்கணக்காக நிற்க வேண்டியிருந்தது. இத்தகைய காலத்தில் ஒரு வானின் ஒட்டோ கியர்பொக்ஸ் பழுதடைந்தால் என்ன செய்வது? அதைப் பிரித்துச் சீர்செய்யத் தெரிந்தவர் மலையகத்தில் அரிது. உள்ளே இருக்கும் வால்வுகளும் மின்காந்தச் சுருள்களும் கிடைப்பதும் அரிது. மெனுவல் கியர்பொக்ஸோ கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும், கண்டியிலும் கிடைக்கும், அதைப் பிரிக்கவும் பூட்டவும் தெரிந்த கைகள் பசறையிலேயே உண்டு. ஆகவே ஒட்டோ கியரைக் கழற்றிவிட்டு மெனுவல் கியர் பூட்டுவது சாதாரணமாகிப் போனது. கிளச் மிதியொன்று புதிதாக முளைக்கும். தரையில் ஒரு துளை வெட்டிக் கியர்த் தண்டு மேலே வரும். வான் மறுபடியும் மலையேறத் தொடங்கும்.

இதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. நல்ல கைகளால் செய்யப்பட்டால் அது மலைக்கு ஏற்ற மாற்றமே. இறக்கத்தில் எந்தக் கியரில் இறங்குவது என்பதைச் சாரதியே தீர்மானிக்கிறார். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய சாரதிகள் சொல்லிக் கொடுத்தது பயன்படுகிறது. என் கவலை, கியர்பொக்ஸ் போன பிறகும் போகாமல் முகப்பில் தங்கிவிடும் விளக்குகளைப் பற்றியது.

ஒட்டோ வாகனத்தின் டேஷ்போர்ட்டில் கியர் நிலையைக் காட்டும் எழுத்துகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்கு அருகே ‘ஓ.டி. ஓஃப்’ என்று மஞ்சள் நிறத்தில் ஒரு விளக்கு. ஓவர் டிரைவ் எனப்படும் உச்சக் கியர் நிறுத்தப்பட்டுள்ளது என்பதே அதன் பொருள். (ஒட்டோ வாகனம் ஓட்டும் நம்மவர்களில் பலர் அந்த விளக்கு எரிந்தால் ஏதோ கோளாறு என்று பயந்து உடனே அணைத்துவிடுகிறார்கள். மலை இறங்கும்போது அந்தப் பொத்தானை அழுத்தி விளக்கை எரியவிடுவதுதான் சரி. உச்சக் கியருக்குத் தாவாமல் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்; பிரேக் சூடேறுவது குறையும். செங்குத்தான இறக்கமென்றால் அதற்கும் கீழே இரண்டாம் நிலைக்கு இறக்க வேண்டும். விற்றவர் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. வாகனத்தோடு வந்த கைந்நூல் ஜப்பானிய மொழியில் இருக்கும்.) சில நான்கு சக்கர உந்து வாகனங்களில், கியர்பொக்ஸ் எண்ணெய் அளவுகடந்து சூடேறினால் எரியும் விளக்கும் தனியாக உண்டு.

மெனுவல் கியர் பூட்டியதும் இவையெல்லாம் வேலையிழந்துவிடுகின்றன. இவற்றை என்ன செய்வது என்பதில்தான் திருத்துநர்களின் தரம் தெரிகிறது. பெரும்பாலானோர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதைப் பாதகமென்று சொல்ல முடியாது. ஊமை விளக்கு யாரையும் ஏமாற்றுவதில்லை. வேறு சிலர் செய்வது ஆபத்தானது. ஒட்டோ கியருக்கென வடிவமைக்கப்பட்ட கணினிப் பெட்டி, தன் துணை காணாமற்போனதை உணர்ந்து எச்சரிக்கை விளக்கை எரியவிடும். அதைச் சரிசெய்யத் தெரியாதவர், விளக்கின் குமிழையே கழற்றி வீசிவிடுகிறார். என்ஜின் கோளாறைக் காட்டும் விளக்கும் அதே கதியை அடைகிறது. வாகனம் கைமாறும்போது வாங்குபவர் முகப்பைப் பார்க்கிறார். ஒரு விளக்கும் எரியவில்லை. நல்ல வண்டி என்று மகிழ்ந்து காசைக் கொடுக்கிறார். பத்திரிகைத் தணிக்கையை அனுபவித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். வெட்டிய பத்திக்குப் பதிலாக வெற்றிடம் விட்டு அச்சடித்த பத்திரிகையைக் கண்டால் ஏதோ வெட்டப்பட்டிருக்கிறது என்றாவது வாசகருக்குத் தெரியும். அந்த வெற்றிடத்தையும் விளம்பரத்தால் நிரப்பிவிட்டால் எதுவும் தெரியாது. கழற்றப்பட்ட குமிழ் அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு; இக்கட்டுரை அதற்காகத்தான். வேலையிழந்த விளக்குக்கு வேறு வேலை கொடுப்பது.

பசறையில் எனக்கு அறிமுகமான மெக்கானிக் ஒருவர் இதைச் செய்கிறார். பெயரைச் சொல்ல அவர் விரும்பமாட்டார். ‘ஓ.டி. ஓஃப்’ விளக்கின் கம்பியைத் தேடியெடுத்து, ரேடியேட்டர் தண்ணீர் குறைந்தால் அது எரியும்படி மாற்றிவிடுகிறார். வெப்பமானிதான் ஏற்கெனவே இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்டேன்.

“முள்ளு நடுவுலதான் நிக்கும், ஐயா. உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இருக்காது. அந்த முள்ள நம்பி ஏத்தத்துல மிதிச்சா ஹெட்டு போயிரும்” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. எண்பதுகளின் பிற்பகுதிக்குப் பிறகு வந்த பல ஜப்பானிய வாகனங்களில் வெப்பமானியின் முள், கணிசமானதொரு வெப்ப எல்லைக்குள் அசையாமல் நடுவில் நிற்கும்படியே அமைக்கப்பட்டிருக்கிறது. முள் சிறிது ஏறி இறங்குவதைக் கண்டு வாடிக்கையாளர் கலவரப்படக் கூடாது என்பது உற்பத்தியாளரின் எண்ணம். முள் நடுவைவிட்டு எழும்போது நிலைமை கைமீறியிருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வெப்பத்தை அறியும் உணரி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாக வேலை செய்யும். ஏற்றத்தில் ஒரு குழாய் வெடித்துத் தண்ணீர் முழுவதும் வழிந்தோடிவிட்டால், உணரியைச் சூழ்ந்திருப்பது காற்றும் நீராவியுமே. என்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்க, முள் கீழே இறங்கிக்கூடக் காட்டலாம். பொய் சொல்லும் மானி என்பது இதுதான். அதுவும் உண்மை மிகவும் தேவைப்படும் தருணத்தில்.

ஆகவே தண்ணீரின் சூட்டை அல்ல, தண்ணீர் இருக்கிறதா என்பதைக் கேட்கும் விளக்கொன்று வேண்டும். இந்த இடத்தில் அந்த மெக்கானிக் கையாளும் நுட்பம் எனக்குப் பிடித்திருந்தது. மிதவை ஆளியைப் பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் மேலதிகத் தொட்டியில் வைப்பது சுலபம். பலரும் அங்கேதான் வைக்கிறார்கள். ஆனால் பழைய வாகனங்களில் அந்தத் தொட்டி அழுத்தத்தில் இருப்பதில்லை. ரேடியேட்டர் ஒழுகினால் அதற்குள் உறிஞ்சும் விசை உண்டாவதில்லை. தொட்டித் தண்ணீர் உள்ளே போகாது. ரேடியேட்டர் வற்றிக் கிடக்க, தொட்டி நிறைந்தே இருக்கும். அங்கே வைத்த ஆளி இன்னொரு பொய்யனாகிவிடும். எனவே அவர் ரேடியேட்டரின் மேற்தொட்டியிலேயே துளையிட்டு உணரியைப் பொருத்துகிறார். விளக்குக்குச் சாவியைத் திருப்பியதும் ஒரு முனையில் மின்சாரம் கிடைக்கும்; மறுமுனையை ஆளி உடலோடு இணைத்தால் விளக்கு எரியும். பெரும்பாலான வாகனங்களில் எச்சரிக்கை விளக்குகளின் அமைப்பு இவ்வளவு எளியதே. கணினிப் பெட்டியிலிருந்து வரும் கம்பியை மட்டும் முதலில் துண்டித்துவிட வேண்டும். எண்ணெய்ச் சூட்டு விளக்கும் இருக்கும் டீசல் வாகனமாயின், அதைப் பிரேக் வெற்றிடத்துக்குக் கொடுக்கிறார். டீசல் வானின் பிரேக் மிதிக்கு உதவும் வெற்றிடத்தை ஒரு தனிப் பம்புதான் உருவாக்குகிறது. பல வாகனங்களில் அது மின்பிறப்பாக்கியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். அது தேய்ந்துபோனால் மிதி கல்லாகும். வெற்றிடம் குறையும்போதே விளக்கு எரிந்தால், அடுத்த வளைவுக்கு முன் ஒதுக்கி நிறுத்தலாம்.

இவ்வளவும் நல்லதே. ஆனால் ஒரு விடயத்தில் அவரோடு எனக்கு வாக்குவாதம். விளக்கின் மேல் எழுத்து மாறவில்லை. தண்ணீர் குறையும்போது ‘ஓ.டி. ஓஃப்’ என்றே எரிகிறது. சொந்தக்காரருக்கு அதன் அர்த்தம் தெரியும். அவருடைய மைத்துனர் ஓட்டும்போது? வாகனம் வெலிமடைக்கோ மட்டக்களப்புக்கோ விலைபோன பிறகு? மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது, அது ஒட்டோ வாகனத்துச் சங்கதி, நம்முடையதோ மெனுவல் என்று புதியவர் அலட்சியமாகச் செல்வார். செய்தி சரியானது, தலைப்பு தவறானது.

ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த நாட்களில் படக்கட்டைகளை இழுப்பறையில் சேர்த்து வைத்திருப்பார்கள். ஒரு ஆண்டு வெள்ளத்துக்குச் செய்த கட்டை, சில ஆண்டுகள் கழித்து வேறோர் ஊர் வெள்ளத்துக்கும் உதவும். சிக்கனம் என்ற அளவில் அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் கீழே போடும் விளக்க வரியை மாற்றாமல் விட்டால் அது செய்தி அன்று, பொய். ‘கோப்புப் படம்’ என்ற ஒரு சொல் போதும், அதே கட்டை நேர்மையானதாகிவிடும். விளக்குக்கும் அதே நியாயம்தான். ஒரு சிறு வெள்ளை ஒட்டுத்தாளில் தமிழிலும் சிங்களத்திலும் ‘தண்ணீர்’ என்று எழுதி எழுத்தின் மேல் ஒட்டினால் வேலை முடிந்தது. ரேடியேட்டருக்குத் துளையிடத் தெரிந்த கைக்கு ஒரு சொல் எழுதுவது பாரமாகத் தோன்றுவதுதான் விந்தை. அடுத்த முறை செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வேகமானியைப் பற்றியும் ஒரு சொல். கழுத்தில் சுழலும் கம்பியின் வேகத்தைக் காந்தத்தின் மூலம் முள்ளுக்கு மாற்றும் மானிக்கு ஜேர்மனியரான ஓட்டோ ஷூல்ட்சே 1902இல் காப்புரிமை பெற்றார். நெடுங்காலம் உலகமே அந்த அமைப்பில்தான் ஓடியது. ஜப்பானிய நியமப்படி, மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அந்தக் கம்பி நிமிடத்துக்கு 637 தடவை சுற்ற வேண்டும். கம்பியைச் சுழற்றுவது கியர்பொக்ஸின் பின்முனையில் உள்ள ஒரு சிறு பற்சக்கரம். வேறு வாகனத்திலிருந்து கழற்றிய கியர்பொக்ஸைப் பூட்டும்போது அந்தப் பற்சக்கரமும் வேறாகிவிடக்கூடும். 30 பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் 33 பற்கள் இருந்தால், உண்மை வேகம் 55 ஆக இருக்கையில் மானி 50 என்று காட்டும். ஓடிய தூரத்தையும் குறைத்தே எழுதும். பழைய பற்சக்கரத்தைப் புதிய பெட்டிக்கு மாற்றிப் பொருத்த முடிகிறதா என்று பார்ப்பதற்கு அரை மணி நேரம் செல்லாது. பார்ப்பவர் எத்தனை பேர்?

பின்னோக்கிச் செல்லும்போது எரிய வேண்டிய விளக்கும் அப்படித்தான். ஒட்டோ கியரில் அதற்கான ஆளி வேறிடத்தில் இருந்தது. மெனுவல் பெட்டியில் அதற்கென்று தனி ஆளி உண்டு. இணைக்க மறந்தால், இருட்டில் லயன்களுக்கு முன்னே பின்னோக்கி வரும் வான் சொல்லாமல் கொள்ளாமல் வரும். பிள்ளைகள் விளையாடும் இடம் அது.

இவற்றையெல்லாம் சொன்னால் இரண்டு வகையான மறுப்புகள் வருகின்றன. உற்பத்தியாளர் வைத்ததில் கைவைக்கக் கூடாது, மின்கம்பிகளைக் கிண்டினால் தீப்பிடிக்கும் என்பது ஒன்று. கைவைக்கக் கூடாதென்றால் கியர்பொக்ஸையே மாற்றியிருக்கக் கூடாது. பெரிய அறுவைச் சிகிச்சையைச் செய்துவிட்டுத் தையல் போடுவதற்கு மட்டும் பயப்படுவதில் பொருளில்லை. பியூஸ் வைத்து, கம்பியை முறையாக மூடிச் செய்தால் ஆபத்தும் இல்லை. நல்ல சாரதிக்கு விளக்குத் தேவையில்லை, காதும் மூக்கும் போதும் என்பது மற்றது. முதலாவதைவிட இது வலுவானது. பச்சைத் தண்ணீர் கொதிக்கும் வாசனையை ஒரு மைல் முன்னதாகவே அறிந்துகொள்ளும் சாரதிகள் மலையகத்தில் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் பின்னால் பதினைந்து பேர், மேலே மூட்டைகள், உள்ளே பாட்டுச் சத்தம் என்று செல்லும் வானில் அந்தக் காதுக்கு எது கேட்கும்?

தேயிலைத் தொழிற்சாலைக்குள் சென்று பாருங்கள். கொழுந்து வாட்டும் இடத்தில் உலர் குமிழ், ஈரக் குமிழ் என்று இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். உலர்த்தியிலிருந்து வெளியேறும் காற்று 50 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே நிற்கிறதா என்பதைக் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பார்கள். வெப்பமானி பிழை காட்டினால் தூள் கருகும். கொழும்பு ஏலத்தில் விலை விழும். ஆகவே டீமேக்கர் அதைச் சோதிக்கிறார், பதிவேட்டில் எழுதுகிறார். அதே தோட்டத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் வாகனத்தின் முகப்பில் எந்த முள் உண்மை சொல்கிறது என்று சோதிப்பதற்குப் பதிவேடு கிடையாது.

2021 மார்ச் 20ஆம் திகதி காலை, லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கி வந்த தனியார் பஸ் பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்தது. 14 பேர் மாண்டனர். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல - வெல்லவாய வீதியில் தங்காலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் இறந்தனர். இவற்றுக்கு ஒரு மானியோ விளக்கோதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. 13ஆம் கட்டையில் வீதியின் ஒரு பாதியை, மலையிலிருந்து வீழ்ந்த பாறை அடைத்துக்கொண்டிருந்ததை நாடே காணொளியில் கண்டது. நான் சொல்வது இவ்வளவே: பாறையும் குறுகிய வீதியும் நம் கையில் இல்லை. அத்தகைய வீதியில் பிழைக்கக் கிடைக்கும் அவகாசம் சில விநாடிகள் என்றால், அவற்றைக் கூட்டித் தரக்கூடிய எதையும் வீணாக்க நமக்கு வசதி இல்லை.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இன்றும் அடிப்படைச் சட்டம். 2008 முதல் வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். காற்றைப் பற்றிக் கவலைப்பட்டது நல்லதே. தனியார் காருக்குப் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் இருந்தால் அனுமதிப்பத்திரம் கிடைத்துவிடும். பிரேக்கை எவரும் மிதித்துப் பார்ப்பதில்லை. பரிசோதனை நிலையத்துக்கு ஆண்டுதோறும் வந்தே தீர வேண்டிய வாகனத்தில், எச்சரிக்கை விளக்குகள் எரிந்து அணைகின்றனவா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் பொறித்துறை பயிலும் மலையக இளைஞர்களுக்குக் கியர் மாற்றத்தையும் அதன் மின்னிணைப்பையும் ஒரு பாடமாகவே வைக்கலாம். அந்த வேலையைத்தான் அவர்கள் செய்யப்போகிறார்கள். வானொன்றின் மேல் கற்றுக்கொள்வதைவிட மேசையில் கற்றுக்கொள்வது மலிவு.

அதுவரை, பழைய வாகனம் வாங்கப் போகும் வாசகர்கள் இதைச் செய்யலாம். என்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்புங்கள். எண்ணெய், மின்னேற்றம், என்ஜின் விளக்குகள் எரிய வேண்டும். இயக்கிய பிறகு அணைய வேண்டும். முதலிலேயே எரியாத விளக்கு எதுவோ, அதன் குமிழ் எங்கே என்று விற்பவரிடம் கேளுங்கள். கியர் மாற்றிய வாகனமாயின், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று மாற்றியவரின் கையெழுத்தில் ஒரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாக வேலை கொடுக்கப்பட்ட விளக்கு இருந்தால், உணரிக் கம்பியைக் கழற்றி உடலில் தொட்டு அது எரிகிறதா என்று உங்கள் முன்னால் காட்டச் சொல்லுங்கள். விலையை அதற்குப் பிறகு பேசலாம்.